ஸ்கேனில் வெள்ளையாகத் தெரிந்த ரத்தக்குழாய்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. ரத்த அழுத்தத்துக்கு மட்டும் மாத்திரை சாப்பிட்டு வந்தார். கடந்த மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்குத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்தது. வலது கையும் காலும் செயலிழந்தன, பேச்சும் நின்றுவிட்டது. 108 ஆம்புலன்ஸில் எட்டே கால் மணிக்கு மருத்துவமனை போய்ச் சேர்ந்தோம். சி.டி. ஸ்கேன் எடுத்து, ஒன்பது மணிக்கு முன்பே ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். அப்போதே அங்கிருந்த மருத்துவர், "இடது பக்கப் பெரிய ரத்தக்குழாய் வெள்ளையாகத் தெரிகிறது. ஊசி மட்டும் போதாமல் போகலாம். குழாய் வழியாகக் கட்டியை எடுக்கும் வசதி உள்ள இடத்துக்கு உடனே கொண்டுபோங்கள்" என்றார். சித்தப்பாவும் மாமாவும், "போட்ட ஊசி வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம்" என்றார்கள். நானும் சரி என்று மதியம் ஒரு மணி வரை காத்திருந்தேன். பிறகு இரண்டரை மணி நேரப் பயணம். அங்கே மறுபடியும் ஸ்கேன் எடுத்து, "பாதிப்பு பெரிதாகிவிட்டது, இனி எடுப்பது ஆபத்து" என்று சொல்லிவிட்டார்கள். இப்போது அப்பா வீட்டில் இருக்கிறார். பிடித்துக்கொண்டால் நிற்கிறார். வலது கை அசையவில்லை. நான்கைந்து சொற்கள்தான் வருகின்றன. எங்கள் தெருவிலேயே ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு முன் இதே ஊசி போட்டு, மூன்றாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தார். அப்பாவுக்கு ஏன் வேலை செய்யவில்லை? முதல் ஸ்கேன் அறிக்கையில் 'ஆஸ்பெக்ட்ஸ் 8' என்று இருக்கிறது. பத்துக்கு எட்டு நல்ல மதிப்பெண்தானே? நான் காத்திருந்ததால்தான் இப்படி ஆகிவிட்டதா?

வாசகர், காவிரிக் கரையோர ஊர்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு நழுவாமல் பதில் சொல்ல வேண்டுமானால், அந்த மருத்துவர் படத்தில் எதைப் பார்த்தார் என்பது உங்களுக்கு முதலில் தெரிய வேண்டும். அதனால் அங்கிருந்து வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பக்கவாதம் என்று வருபவருக்கு உடனே சி.டி. எடுப்பது முதலில் ஒரே ஒரு விஷயத்துக்காக. மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா? கசிந்த ரத்தம் படத்தில் பளிச்சென்று வெள்ளைத் திட்டாகத் தெரியும். அப்படி இருந்தால் கரைக்கும் ஊசியை நினைத்தே பார்க்க முடியாது. திட்டு இல்லையென்றால் அடைப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். அடைப்பினால் வந்த பக்கவாதத்தில் முதல் ஓரிரு மணி நேரத்துப் படம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். "ஸ்கேன் நார்மல் என்கிறீர்கள், அப்புறம் எதற்கு இவ்வளவு விலையில் ஊசி?" என்று என்னிடம் கேட்ட உறவினர்கள் உண்டு. மூளைத் திசு இன்னும் சாகவில்லை, அதனால்தான் படம் நார்மலாக இருக்கிறது. சாவதற்குள் காப்பாற்றத்தான் ஊசி.

உங்கள் அப்பாவின் படத்தில் திட்டு இல்லை. ஆனால் ஒரு கோடு இருந்திருக்கிறது. இடது பக்கத்து நடு மூளைத் தமனி, வலது கை, முகம், பேச்சு ஆகியவற்றை ஆளும் பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய். ஓடும் ரத்தத்தின் அடர்த்தி சி.டி. கணக்கில் ஏறக்குறைய 40 அலகு. 1971-இல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த கருவியை உருவாக்கிய ஹௌன்ஸ்ஃபீல்டின் பெயரால்தான் இந்த அலகைச் சொல்கிறோம். ரத்தம் உறையும்போது அதிலுள்ள நீர் பிழிந்து வெளியேற, சிவப்பணுக்கள் நெருக்கியடித்துக்கொள்கின்றன. அடர்த்தி 60, 70 என்று ஏறிவிடுகிறது. சுற்றிலும் சாம்பல் நிறத்தில் இருக்கும் மூளைக்கு நடுவே அந்தக் குழாய் மட்டும் சுண்ணாம்பால் கோடு கிழித்ததுபோல வெளுத்துத் தெரிவது இதனால்தான். அடைப்பின் விளைவைக் காட்டும் அடையாளங்கள் பல உண்டு. அடைத்த கட்டியையே கண்ணுக்குக் காட்டுவது இந்தக் கோடு.

இந்த அடையாளம் 1980-களின் தொடக்கத்திலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகிவிட்டது. அன்றைக்கு அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளத்தான் முடிந்தது, செய்வதற்கு ஒன்றும் இல்லை. கட்டி கரைக்கும் ஊசி பக்கவாதத்தில் பயன் தருகிறது என்று அமெரிக்க ஆய்வு நிறுவியது 1995-இல். கட்டியைக் கருவியால் எடுப்பது பயன் தருகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது 2015-இல்தான்.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் கட்டி ஆகிவிடாது. குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்திருந்தாலும், ரத்தம் இயல்பைவிடக் கெட்டியாக இருந்தாலும் வெள்ளையாகத் தெரியும். அப்போது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெளுத்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் வெளுத்து, அதற்கு நேர் எதிர்ப்பக்கத்துக் கை கால் விழுந்திருந்தால் சந்தேகத்துக்கு அதிகம் இடமில்லை. மாறாக, கோடு தெரியவில்லை என்பதால் அடைப்பு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. படத்தை 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுகளாக எடுத்தால் சிறிய கட்டி இரண்டு துண்டுகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அதே படத்தை ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாகப் பிரித்துப் பார்க்கும்போது, அரிசியில் பாதி அளவு வெள்ளைப் புள்ளி சட்டென்று கண்ணில் படும். அந்தப் புள்ளிக்காக நள்ளிரவில் கணினித் திரையில் மூக்கு முட்ட உட்கார்ந்திருந்த நாட்கள் எனக்கு நிறைய உண்டு. ஐயம் தீர, சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் இருக்கிறது. குழாய் எங்கே துண்டித்து நிற்கிறது என்பதை அது தெளிவாகக் காட்டிவிடும்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஊசியாகப் போடுவது ஆல்டிபிளேஸ் அல்லது டெனெக்டிபிளேஸ். இரண்டும் செய்வது ஒன்றுதான். நம் ரத்தத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு புரதத்தை எழுப்பி, கட்டியைப் பிணைத்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை அறுக்கச் செய்கின்றன. ஆனால் மருந்து கட்டியைத் தொட்டால்தானே அறுக்கும்? நீங்கள் வாய்க்கால் பாசனப் பகுதியிலிருந்து எழுதுகிறீர்கள். கிளை வாய்க்காலின் வாயில் மரக்கட்டையும் செத்தையும் வந்து அடைத்துக்கொண்டால், வரும் தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பாமல் நேரே போய்விடும் அல்லவா? மேலே எவ்வளவு தண்ணீர் திறந்துவிட்டாலும் அடைப்பின் முகத்தில் கொஞ்சம் அலசும், அவ்வளவுதான். மூளையிலும் இதுதான் நடக்கிறது. அடைபட்ட குழாயின் முனையில் ரத்தம் தேங்கி நிற்கிறது. மருந்தைச் சுமந்த ரத்தம் திறந்திருக்கும் வேறு குழாய்களில் ஓடிவிடுகிறது. கட்டியின் மேற்பரப்பு மட்டும் மெல்ல மெல்லக் கரைகிறது. கட்டி குட்டையாக இருந்தால் அது போதும். நீளமாக இருந்தால் போதாது.

ஜெர்மனியில் 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த வெள்ளைக் கோட்டின் நீளத்தை மெல்லிய துண்டுப் படங்களில் அளந்து பார்த்தது. 8 மில்லிமீட்டருக்கு மேல் நீண்ட கட்டிகள் ஊசியால் திறக்கவே இல்லை என்று அது சொன்னது. 8 என்பது தாண்டவே முடியாத கோடு என்று இன்று யாரும் பிடிவாதம் பிடிப்பதில்லை. கட்டிக்குள் சிறிதளவாவது ரத்தம் ஊடுருவினால் நீளமானதும் கரையக்கூடும். ஆனால் நீளம் கூடக்கூட வாய்ப்பு குறைகிறது என்பதில் மாற்றமில்லை. இடமும் முக்கியம். கனடாவின் கால்கரி நகர மருத்துவர்கள் 2010-இல் தந்த கணக்கு இது: கழுத்திலிருந்து மேலே வரும் பெரிய தமனி மூளைக்குள் பிரியும் முனையில் அடைப்பு இருந்தவர்களில், ஊசியால் குழாய் சீக்கிரம் திறந்தது நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான். நடு மூளைத் தமனியின் தொடக்கப் பகுதி என்றால் நூற்றுக்கு 32 பேர். உங்கள் அப்பாவின் அடைப்பு இந்த இரண்டாவது வகை என்று கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அப்படியென்றால் மூன்று பேரில் இருவருக்கு இந்த ஊசி குழாயைத் திறப்பதில்லை.

உங்கள் தெருக்காரரின் படத்தை நான் பார்க்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் நடந்து வந்தார் என்பதிலிருந்து, அவருக்கு அடைத்தது ஏதோ ஒரு சிறு கிளை, அதிலிருந்தது சிறு கட்டி என்று நினைக்கத் தோன்றுகிறது. இரண்டு பேருக்கும் நோயின் பெயர் ஒன்று, ஊசியும் ஒன்று, குழாயும் கட்டியும் வேறு. அப்பாவின் உடல் மருந்தை ஏற்கவில்லை என்றோ, ஊசி தரமில்லாதது என்றோ யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. படத்தில் பளிச்சென்று வெளுத்துத் தெரியும் கட்டி, சிவப்பணு நிறைந்த கட்டி. எம்.ஆர்.ஐ.யில் அதே கட்டி, இரும்புச்சத்தின் காரணமாகக் கருப்பாக வீங்கித் தெரியும். வெளியே எடுத்த கட்டிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள் இதை உறுதிசெய்திருக்கிறார்கள். சிவப்பணு நிறைந்த கட்டி மென்மையானது. தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ மெல்லிய குழாயை மேலே செலுத்தி, வலை போன்ற ஸ்டென்ட்டை விரித்துப் பிடித்தால் சிக்கும், உறிஞ்சினாலும் வரும். படத்தில் தெரியாமல் ஒளிந்திருக்கும் கட்டிதான் பல நேரம் ஃபைப்ரின் இறுகி ரப்பர் போல வழுக்கும். ஆக, வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் "இது ஊசிக்கு எளிதில் அடங்காது, எடுக்கப் போனால் பெரும்பாலும் வரும்" என்று மருத்துவர் மனத்துக்குள் கணக்குப் போடுகிறார். உங்களை உடனே கிளம்பச் சொன்னது இந்தக் கணக்கினால்தான். அவர் சரியாகப் பார்த்திருக்கிறார், சரியாகவும் சொல்லியிருக்கிறார்.

ஆஸ்பெக்ட்ஸ் என்பதும் கால்கரியில் பிறந்ததுதான், 2000-ஆம் ஆண்டில். நடு மூளைத் தமனி ஊட்டும் பகுதியைப் பத்துப் பாகமாகப் பிரித்து, எந்தப் பாகத்தில் சேதத்தின் சாயல் தெரிகிறதோ அதற்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள். ரத்தம் கிடைக்காத திசு நீர் கோத்துக்கொள்ளும். ஒரு சதவீதம் நீர் கூடினாலே அடர்த்தி இரண்டு மூன்று அலகு குறையும். சாம்பல் நிறப் பகுதிக்கும் வெண்ணிறப் பகுதிக்கும் நடுவே உள்ள எல்லை மங்கிப்போகும். முதலில் மங்குவது பெரும்பாலும் மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா என்ற பட்டையும், அதற்கு உள்ளே ஆழத்தில் இருக்கும் நரம்பணுத் தொகுதிகளும். அப்பாவுக்கு எட்டு என்றால் இரண்டு பாகம் மங்கியிருந்தது, எட்டுப் பாகம் அந்த நேரத்தில் பிழைத்திருந்தது.

அது நல்ல மதிப்பெண்தான். ஆனால் அது தேர்வு முடிந்து வந்த மதிப்பெண் கிடையாது. காலை எட்டரை மணிக்கு வயலில் எவ்வளவு பயிர் பச்சையாக நிற்கிறது என்ற கணக்கு. வாய்க்கால் அடைபட்டே இருந்தால் பதினொரு மணிக்கு வேறு கணக்கு, மூன்று மணிக்கு வேறு கணக்கு. பெரிய குழாய் அடைபட்ட மூளையில் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜெஃப்ரி சேவர் 2006-இல் கணக்கிட்டார். சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். சிலருக்குப் பக்கத்து வயலின் கசிவு நீர் போல வேறு தமனிகளின் நுண்கிளைகள் வழியே கொஞ்சம் ரத்தம் வந்துகொண்டிருக்கும். அவர்களுடைய மூளை பத்து, பதினைந்து மணி நேரம்கூடத் தாங்கும். சிலருக்கு அந்தக் கிளைகள் பலவீனம், மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். யார் எந்த வகை என்பதை ஆஸ்பெக்ட்ஸ் எண் மட்டும் சொல்லாது. ஆஞ்சியோகிராமில் கிளைகளைப் பார்த்தால் தெரியும், ரத்த ஓட்டத்தை அளக்கும் சி.டி. எடுத்தாலும் தெரியும்.

'எட்டு' என்று கேட்டதும் "பரவாயில்லை, லேசான பாதிப்புதான்" என்று குடும்பங்கள் ஆறுதல் அடைவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் மீதும் தவறு உண்டு. எண்ணைச் சொல்லிவிட்டு அதன் பொருளைச் சொல்லாமல் அடுத்த நோயாளியிடம் ஓடிவிடுகிறோம். எட்டு என்றால் காப்பாற்ற நிறைய மிச்சம் இருக்கிறது, அதனால் ஓடுங்கள் என்று பொருள்.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

ஒன்பது மணிக்கே கிளம்பியிருந்தால் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். பன்னிரண்டரைக்குள், அதாவது ஆறு மணி நேரத்துக்குள், கட்டியை எடுக்கத் தொடங்கியிருக்க முடியும். 2015-இல் வந்த ஐந்து ஆய்வுகளையும் சேர்த்து 1,287 நோயாளிகளை அலசியபோது, கட்டியை எடுத்தவர்களில் நூற்றுக்கு 46 பேர் மூன்று மாத முடிவில் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தார்கள். எடுக்காதவர்களில் நூற்றுக்கு 26 பேர், அவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஆகவே அந்த நான்கு மணி நேரம் அப்பாவுக்கு ஒரு நல்ல வாய்ப்பைக் குறைத்தது. உங்கள் மனத்துக்கு இதமாக இருக்கும் என்பதற்காக இதை மறைக்க எனக்கு மனமில்லை. நீங்கள் நேராகக் கேட்டிருக்கிறீர்கள்.

அதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். நேரத்துக்குள் போய்க் கட்டியை எடுத்த நூறு பேரில் 54 பேர் அந்த நிலைக்கு வரவில்லை. நீங்கள் ஒன்பது மணிக்குக் கிளம்பியிருந்தாலும் அப்பா இன்று இதே நிலையில் இருந்திருக்கலாம். எது நடந்திருக்கும் என்பதை எந்தப் படமும் சொல்ல முடியாது. "ஊசி வேலை செய்கிறதா பார்ப்போம்" என்ற உங்கள் சித்தப்பாவின் யோசனையும் முட்டாள்தனமானதில்லை. மருத்துவர்களே ஒரு காலத்தில் அப்படித்தான் காத்திருந்தார்கள். ஊசி போட்டபின் பலன் தெரிகிறதா என்று பார்த்துக் காத்திருக்கக் கூடாது, அது தீங்கு என்று அமெரிக்க இதயச் சங்கத்தின் வழிகாட்டுதல் 2019-இல் எழுதி வைக்கும் அளவுக்கு அந்தப் பழக்கம் பரவலாக இருந்தது. ஆல்டிபிளேஸைவிட நன்றாகக் கரைக்கிறது என்று பேசப்படும் டெனெக்டிபிளேஸைக் கொடுத்துப் பார்த்த 2018-ஆம் ஆண்டு ஆய்விலும், கட்டியை எடுக்கப் போவதற்குள் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது நூற்றுக்கு 22 பேருக்குத்தான். ஆல்டிபிளேஸில் 10 பேருக்கு. ஊசியும் பயணமும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பது இதனால்தான். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, அதன்பின்னும் சோம்பேறித்தனத்தால் காத்திருந்தால்தான் அது குற்றம். தேநீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா கண்முன் சாய்ந்து இரண்டு மணி நேரமே ஆகியிருந்த ஒரு பிள்ளை, வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறார். எட்டே கால் மணிக்குள் மருத்துவமனை வாசலில் அவரைக் கொண்டுவந்து சேர்த்ததும் அதே பிள்ளைதான்.

இரண்டாவது மருத்துவமனை மறுத்தது சரியா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனத்தில் இருக்கும். ஆறு மணி நேரம் தாண்டினால் முடிந்தது என்ற நிலை 2018-இல் மாறிவிட்டது. சாகாத திசு போதுமான அளவு மிச்சமிருப்பதாகப் படம் காட்டினால் 24 மணி நேரம் வரை எடுக்கலாம் என்று அப்போது வந்த இரண்டு ஆய்வுகள் வழி திறந்தன. சேதம் பெரிதாகிவிட்டவர்களுக்கும் ஓரளவு பயன் உண்டு என்று 2022-இல் ஜப்பானிலிருந்தும் 2023-இல் பிற நாடுகளிலிருந்தும் ஆய்வுகள் வந்தன. ஆனால் அந்தப் பயனின் அளவு சிறியது. அவற்றில் ஒன்றில், கட்டியை எடுத்தவர்களில் சுயமாக இயங்கும் நிலைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 20, எடுக்காதவர்களில் 7. மதியம் எடுத்த படத்தின் மதிப்பெண் உங்கள் கடிதத்தில் இல்லை. அது மூன்றுக்கும் கீழே இறங்கியிருந்தால், அவர்கள் இடத்தில் நானும் தயங்கியிருப்பேன். ஐந்து என்றால் உங்களோடு உட்கார்ந்து பேசிப் பார்த்திருப்பேன்.

இனிச் செய்ய வேண்டியதற்கு வருவோம். எனக்கு இதுதான் அதிக அக்கறை. அவ்வளவு பெரிய கட்டி எங்கிருந்து வந்தது என்று யாராவது தேடினார்களா? இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடித்தால் அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, கட்டி பெயர்ந்து மூளைக்குப் போகும். ஒரு முறை எடுத்த ஈ.சி.ஜி.யில் அது சிக்காமல் போகலாம். குறைந்தது 24 மணி நேரமாவது தொடர்ந்து பதிவு செய்யும் ஈ.சி.ஜி., இதய எக்கோ, கழுத்துத் தமனி டாப்ளர் மூன்றும் நடந்திருக்கின்றனவா என்று டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள். துடிப்புக் கோளாறு இருந்தால் ஆஸ்பிரின் போதாது, உறைதலைத் தடுக்கும் வேறு மாத்திரை வேண்டும். இதை அடுத்த பரிசோதனை நாள் வரை தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே கேளுங்கள்.

ஊசி போட்ட மறுநாள் ஒரு சி.டி. எடுத்திருப்பார்கள். அதில் அந்த வெள்ளைக் கோடு மறைந்துவிட்டதா என்றும் கேளுங்கள். தாமதமாகவாவது குழாய் திறந்ததா என்பதற்கு அது ஒரு தடயம். திறந்திருந்தால் மீள்வதற்கு அது கொஞ்சம் கூடுதல் பலம்.

முதல் மூன்று மாதங்களில்தான் மீட்சி வேகமாக நடக்கும், அதில் ஒரு மாதம்தான் போயிருக்கிறது. அதற்குப் பிறகும் நிற்காது, மெதுவாகும். நான்கைந்து சொற்கள் வருகின்றன என்பது நல்ல செய்தி. பேச்சுப் பயிற்சியாளரிடம் உடனே அழைத்துப் போங்கள். பேச வராதவருக்கும் சிலநேரம் பாட வரும். அவருக்குப் பழக்கமான பாட்டையோ தேவாரத்தையோ உடனிருந்து பாடிப் பாருங்கள். அவர் பேசாததால் எதுவும் புரியாது என்று நினைத்து, அவர் எதிரிலேயே "அன்றைக்கே கொண்டுபோயிருக்கலாம்" என்று யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பெரும்பாலும் புரியும்.

படுக்கையிலிருந்து எழுப்பும்போது அந்த வலது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தசை வலுவிழந்த தோள்மூட்டு சுலபமாக இறங்கிவிடும், பிறகு வரும் வலியில் பயிற்சியே நின்றுபோகும். இடுப்பையும் முதுகையும் தாங்கி எழுப்புங்கள். உட்காரும்போது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துவிடுங்கள். இரண்டு ஸ்கேன்களின் குறுந்தகடுகளையும் ஈ.சி.ஜி.யையும் அனுப்பிவையுங்கள், பார்த்து எழுதுகிறேன்.